எஞ்சின் அல்லாத ஒலிகள்

பேச்சுவார்த்தையின் மூன்றாம் நாள் காலையில், இந்தியக் குழு மேசைமேல் விரித்த வரைபடத்தைத் தொட இலங்கைக் குழுவின் தலைவர் ஜயவீர மறுத்துவிட்டார். தொட்டால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்றார். அவர் தொடாதவரை அடுத்த பேச்சுக்குப் போவதில்லை என்று இந்தியக் குழுவின் தலைவர் நம்பிராஜன் சொன்னார். நாற்பது நிமிடம் அப்படியே கழிந்தது. சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றின் பதினோராவது மாடியில், பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி கொண்டுவந்த பணிப்பெண் எந்தப் பக்கத்துக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டாள். முதல் நாள் அதற்காகவும் ஒரு சண்டை நடந்திருந்தது.

அது 2049ஆம் வருடம், ஜூன் மாதம். எட்டு வருடம் முன்பு அடித்த ஒரு புயல், ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருந்த மணல்திட்டுகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. சில முழுகிவிட்டன. சில புதிதாகத் தலைகாட்டின. அதற்குப் பிறகு இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சுமார் நூறு சதுர கிலோமீட்டர் கடல் சிக்கிக்கொண்டது. கோப்புகளில் அதற்குப் பெயர் ‘சதுரம்’.

சதுரத்தில் மீன் இருந்தது. அதனால் இரண்டு கரையிலிருந்தும் போனார்கள். போனவர்களை எதிர் நாட்டு ரோந்துப் படகுகள் பிடித்தன. வலையை அறுத்தன. சில தடவை சுடவும் செய்தன. எல்லை தாண்டினான் என்று ஒரு நாடு சொல்லும், தாண்டவில்லை என்று இன்னொரு நாடு சொல்லும். அந்த வருடம் இரண்டு பக்கச் சிறைகளிலுமாக நானூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்களில் பூங்கோதையும் ஒருத்தி. நாற்பத்தொரு வயது. திண்டுக்கல்காரி. வேலைக்குச் சேரும்வரை கடலை இரண்டு முறைதான் பார்த்திருந்தாள். கடலொலி மையம் என்ற அரசு ஆய்வகத்தில் ஒலிப் பொறியாளராகப் பதினாறு வருடம் இருந்துவிட்டாள். கடலடியில் போட்ட கருவிகள் மேலே போகும் ஒவ்வொரு படகின் எஞ்சின் சத்தத்தையும் கேட்கும். ஒரு எஞ்சின் மாதிரி இன்னொன்று இருக்காது. எந்தப் படகு, எந்த ஊர், எந்த நிமிடம் கோட்டைத் தாண்டியது என்று கருவி சொல்லிவிடும். சதுரத்தில் இப்படிக் கருவிகளைப் போட்டு, இரண்டு நாடும் ஒரே பதிவைப் பார்ப்பது என்பதுதான் சிங்கப்பூரில் பேசப்பட்ட உடன்படிக்கை. கையெழுத்தாகும்வரை யாரும் அங்கே எந்தக் கருவியும் போடுவதில்லை என்று இரண்டு அரசும் எழுதிக் கொடுத்திருந்தன. ஜயவீர தினமும் காலையில் அந்த உறுதிமொழியை எழுந்து நின்று வாசித்துவிட்டுத்தான் உட்காருவார். வாசிக்கும்போது நம்பிராஜன் முகத்தையே பார்ப்பார்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். சதுரத்தின் அடியில் பதினான்கு இந்தியக் கருவிகள் ஒரு வருடமாகக் கிடந்தன. எங்கெங்கே போடுவது என்று குறித்துக் கொடுத்தவளே பூங்கோதைதான். அவை கேட்பதெல்லாம் அவள் மடியில் இருந்த கைக்கணினிக்கு நேரே வந்துகொண்டிருந்தது. எதிரே பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்களா என்று உடனுக்குடன் சரிபார்க்கத்தான் அவளைக் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

அன்று பத்து இருபதுக்குக் கணினியில் ஒரு குறிப்பு வந்தது: வகைப்படுத்த முடியாத ஒலி. அவள் வெளியே நடைக்கூடத்துக்குப் போய்க் காதில் மாட்டிக் கேட்டாள்.

மூன்று தட்டு. கொஞ்சம் நின்றது. பிறகு இரண்டு. பிறகு யாரோ வேறொரு இடத்திலிருந்து, இன்னும் பலமாக, ஏழெட்டு. மறுபடி அமைதி.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மையத்தில் ஒருமுறை சோதனைக்காக ஃபைபர் வள்ளம் ஒன்றைத் தொட்டியில் கவிழ்த்துப்போட்டு, உள்ளே ஆள் இருந்து தட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். கவிழ்ந்த படகுக்கடியில் தங்கும் காற்றில் தலையை வைத்துக்கொண்டு மனிதர்கள் தட்டினால் இப்படித்தான் கேட்கும். தொடர்ந்து கேட்டதில், குறைந்தது நாலு பேர். இடம், இரண்டு கோடுகளுக்கும் நடுவே, இலங்கையின் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே.

இடைவேளை விட்டதும் அவள் நம்பிராஜனைக் குழுவின் அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவர் காதில் மாட்டிக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் கேட்டார்.

“யாருடைய படகு?” என்றார்.

“தெரியாது சார். எஞ்சின் ஓடினாத்தான் கருவிக்குத் தெரியும். இது கையால தட்டுறது.”

“நம்ம ஆட்களா, அவங்க ஆட்களா?”

“தட்டுறதுல எப்படி சார் தெரியும்?”

நம்பிராஜன் மோசமான மனிதர் இல்லை. இந்த உடன்படிக்கைக்காக ஆறு வருடம் அலைந்தவர். சிறையில் செத்துப்போன மீனவர்களின் உடல்களை விமான நிலையத்தில் நின்று வாங்கியவர். அவர் அவளை உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார். இடத்தைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கருவி போட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நிமிடமே அவர்கள் எழுந்து போவார்கள், பத்து வருடத்துக்குத் திரும்பி வரமாட்டார்கள். அந்தப் பத்து வருடத்தில் சதுரத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்று அவளுக்கே தெரியும்.

“நீங்க வாயைத் திறந்தா நாலு பேர் பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்” என்றார். “திறக்காம இருந்தா இனிமே போற எல்லாரும் பிழைப்பாங்க. எனக்கு மட்டும் காது இல்லைன்னு நினைக்காதீங்க.”

தில்லிக்குச் செய்தி அனுப்புவதாகவும், வேறு காரணம் காட்டித் தேடுதல் விமானம் அனுப்ப வழி பண்ணுவார்கள் என்றும் சொன்னார். அவள் நம்பினாள். பதில் ஒன்றே காலுக்கு வந்தது. சதுரத்துக்குள் விமானம் அனுப்ப மூன்று மணி நேரம் முன்பே எதிர்த்தரப்புக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்வதற்கில்லை. தொடர்ந்து கவனித்து வரவும்.

அவள் கவனித்து வந்தாள். சாப்பாட்டு நேரம் முழுவதும் ஒரு காதில் அந்தச் சத்தம் இருந்தது. நாலு பேரையும் இப்போது அவளால் பிரித்துக் கேட்க முடிந்தது. ஒருவன் இரும்பால் தட்டினான், ஸ்பேனராக இருக்கலாம். ஒருவன் கையால் தட்டினான். ஒருவன் எப்போதும் மூன்று மூன்றாகத் தட்டினான். நாலாவது ஆள் அவ்வப்போதுதான் தட்டினான், அதுவும் மற்றவர்கள் நிறுத்தியதும், அவர்களைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டு மணிக்கு மேல் அந்த நாலாவது ஆளின் தட்டு வரவில்லை. மற்ற மூவரும் சேர்ந்து வெகுநேரம் ஒரே இடத்தில் தட்டினார்கள்.

மத்தியான அமர்வில் ஒரு சொல்லுக்காகச் சண்டை நடந்தது. இரண்டு கரை மீனவர்களுக்கும் தமிழ்தான் மொழி என்பதால் உடன்படிக்கைக்குத் தமிழ் வடிவம் ஒன்றும் இருந்தது. இந்தியா ‘கண்காணிப்பு’ என்று எழுதியிருந்தது. கண்காணிப்பு என்றால் ஒருவன் காவல்காரன், ஒருவன் திருடன் என்று ஆகும், ‘அவதானிப்பு’ என்றே இருக்க வேண்டும் என்றார் ஜயவீர. எங்கள் மீனவனுக்கு அந்தச் சொல் புரியாது என்றார் நம்பிராஜன். புரியாதது உங்கள் பள்ளிக்கூடங்களின் குறை என்றார் ஜயவீர. நம்பிராஜன் பேனாவை மூடி வைத்தார். உங்கள் ரோந்துப் படகுகள் சுடும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எவ்வளவு குறைத்துச் சொல்வது என்று.

அப்போது பூங்கோதை எழுந்தாள். குழுவில் அவள் பேசுவதற்கு அனுமதி இல்லாதவள். கைக்கணினியைப் பார்த்துச் சாதாரணக் குரலில் வாசித்தாள்.

“சதுரத்துக்குள்ள ஒரு படகு கவிழ்ந்து கிடக்கு. அடியில ஆள் இருக்காங்க. ஒன்பது டிகிரி பதின்மூணு நிமிஷம் வடக்கு, எழுபத்தொம்பது டிகிரி இருபத்தெட்டு நிமிஷம் கிழக்கு. காலையிலிருந்து தட்டிக்கிட்டிருக்காங்க.”

முதலில் அசைந்தவன் எதிர்ப்பக்கத்துக் கடைசி நாற்காலியில் இருந்தவன். யூட் நிர்மலன் என்று பெயர். இலங்கைக் குழுவின் ஒலிப் பொறியாளன். அவளைப் போலவே மூன்று நாளாக வாய் திறக்காதவன். அவன் யாரையும் கேட்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே ஓடினான்.

ஜயவீர மெதுவாகக் கேட்டார், இந்த அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று. நம்பிராஜன் எழுந்து, இப்போது சொல்லப்பட்டது இந்தியக் குழுவின் கருத்து அல்ல என்றார். அதையும் மொழிபெயர்த்தார்கள். பத்து நிமிடத்தில் அறை காலியானது. வரைபடம் மட்டும் மேசையில் கிடந்தது.

இரண்டு நாட்டு ரோந்துப் படகுகளும் கிளம்பின. சதுரத்தில் யார் மீட்கிறார்களோ அவர்களுக்கே அந்தக் கடல் சொந்தம் என்று பிறகு வாதாடலாம் என்பதால் இரண்டும் வேகமாகப் போயின. ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. யார் தூக்குவது என்று ஒலிபெருக்கியில் இருபது நிமிடம் சண்டை போட்டன. அதற்குப் பிறகு மூன்று பேரை உயிரோடும் இரண்டு பேரைப் பிணமாகவும் தூக்கினார்கள். ஒருவன் படகு கவிழ்ந்தபோதே இறந்திருந்தான். ஐந்து பேரும் மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரர்கள்.

மறுநாள் காலையில் இரண்டு குழுவும் ஊருக்குக் கிளம்பின. லிஃப்டுக்கு அருகில் பெட்டியோடு நின்ற பூங்கோதையின் பக்கத்தில் நிர்மலன் வந்து நின்றான். அவளைப் பார்க்காமல், மூடியிருந்த லிஃப்டுக் கதவைப் பார்த்தே பேசினான். கண் சிவந்திருந்தது.

“நாங்களும் அங்க பன்னிரண்டு கருவி போட்டிருக்கிறம்” என்றான். “உங்களுக்கு எத்தனை மணிக்குக் கேட்டது?”

“பத்து இருபது.”

“எனக்குக் காலமை எட்டரை. எங்கட கருவி கிட்டவா இருந்தது. ஜயவீர சேரிட்ட சொன்னனான். பொறு எண்டவர். அது இந்தியப் படகா இருக்கும் எண்டவர். நான் பேசாலைப் பெடியன். மூண்டு மூண்டாத் தட்டினவன் என்ர மாமாவின்ர மகன்.”

லிஃப்ட் வந்தது. அவன் ஏறவில்லை. பிழைத்தவர்களில் அவன் மச்சானும் ஒருவன் என்றும், ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான் என்றும் சொன்னான். ஏன் தட்டினீர்கள், கடல் நடுவே யாருக்குக் கேட்கும் என்று நினைத்தீர்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். கீழே மெசின் இருக்கிறது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் தட்டினோம், கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும் என்றானாம் அவன்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. பூங்கோதையின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அரசு ரகசியத்தை வெளியிட்டதாக வழக்குப் போட ஒரு கோப்புத் தயாரானது. செய்தித்தாள்களில் அவள் பெயர் வரவில்லை. ஆனால் மையத்தில் பதினாறு வருடம் கூட வேலை பார்த்தவர்கள் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நம் படகாக இருந்தாலாவது பரவாயில்லை என்று கேண்டீனில் ஒருவர் அவள் காதுபடச் சொன்னார். அவள் கணவன் மகேந்திரவர்மன் வங்கியில் இருந்தான். நல்லவன்தான். ஆனாலும் ஒரு தடவை, வேறு யாராவது சொல்லட்டும் என்று விட்டிருக்கலாமே என்று கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து வருடத்துக்கு வரமாட்டார்கள் என்று நம்பிராஜன் சொன்னது நடக்கவில்லை. ஐந்து வாரத்தில் திரும்பி வந்தார்கள். சதுரத்தின் அடியைத் தேடியதில், இரண்டு பக்கமும் பொய் சொன்னது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிட்ட பிறகு, மறைக்க ஒன்றும் இல்லாமல், முன்பைவிடக் கொடூரமாகப் பேசினார்கள். மொத்தம் இருபத்திரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் அடிதடி மாதிரிதான். பதிவில்லாத எஞ்சின் சத்தம் சதுரத்தில் கேட்டால் நாற்பது நிமிடத்துக்குள் ரோந்துப் படகு அங்கே போய்ப் படகைப் பிடிக்க வேண்டும் என்ற நாலாம் பிரிவுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கே கைதி என்று முடிந்தது.

ஒரே ஒரு பிரிவு மட்டும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஒன்பதாம் பிரிவு. ‘எஞ்சின் அல்லாத ஒலிகள் எதையும் கருவிகள் பதிவு செய்யலாகாது, கேட்ட மாத்திரத்தில் அவை அழிக்கப்பட வேண்டும்.’ முன்மொழிந்தவர் ஜயவீர. வழிமொழிந்தவர் நம்பிராஜன். மீனவர்களின் தனிப்பட்ட பேச்சுகளை ஒட்டுக்கேட்காமல் இருக்க இந்த ஏற்பாடு என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து அறிக்கை விட்டன. அந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் இரண்டு குழுத் தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டது அன்று ஒரு நாள்தான். கருவிக்குத் தட்டுகிற சத்தம் கேட்காவிட்டால், கேட்டும் சும்மா இருந்தார்கள் என்று இனி யாரையும் யாரும் சொல்ல முடியாது.

நம்பிராஜன் பூங்கோதையைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தச் சத்தத்தைக் கருவியிலிருந்து வடிகட்டும் நிரலை எழுத ஆள் வேண்டும். கவிழ்ந்த படகின் ஒலி அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

“நீங்க எழுதிக் கொடுத்தா வழக்கு வராது” என்றார். பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “உடன்படிக்கை வந்தா சுடுறது நிற்கும். அது நிஜம். அதை மட்டும் நினைச்சு எழுதுங்க” என்றார்.

அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அடுத்த நாள் சரி என்றாள். செய்தி இலங்கைக்கும் போயிருக்க வேண்டும். நிர்மலனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘நீங்களுமா?’ அவள் பதில் எழுதவில்லை.

நிரலுக்கு இரண்டு மாதம் ஆனது. பரிசோதனை சென்னையில் நடந்தது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் சுற்றி உட்கார்ந்திருக்க, இரண்டு பொறியாளர்களும் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நிர்மலன் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஜூன் மாதத்துப் பதிவை, அந்த நாலு பேரின் தட்டை, முழுதாக ஓட்டச் சொன்னான். கருவி எல்லாவற்றையும் அழித்தது. திரையில் ஒரு கோடுகூட எழவில்லை. அவன் மச்சானின் மூன்று மூன்று தட்டும் அதில் போனது. அதிகாரிகள் திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

பிறகு அவன் நிரலின் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் எழுதியிருந்த விதி எளிமையானது. ஒரு நிமிடம் முழுக்க, நடுவில் நிற்காமல், ஒரே சீராக, நொடிக்கு நாலு தட்டுக்குக் குறையாமல் வருவது எஞ்சின். மற்றதெல்லாம் அழிக்கப்படும். பயந்துபோன மனிதன் அப்படித் தட்டமாட்டான். நிறுத்துவான், கேட்பான், வேகமாகத் தட்டுவான், களைத்துப்போவான்.

அந்த வரியில் நிர்மலன் நின்றான்.

“நொடிக்கு நாலு எண்டு ஏன் வச்சனீங்கள்?” என்று கேட்டான். “இண்டைக்கு ஓடுற எஞ்சின் ஒண்டும் அவ்வளவு மெல்ல ஓடாதே.”

பூங்கோதை அவனை நேராகப் பார்த்தாள்.

“பழைய எஞ்சின் சிலது இருக்கும்” என்றாள். “ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டா நிற்காம ஓடும்.”

அவன் சிறிது நேரம் திரையைப் பார்த்தான். ஓர் அதிகாரி ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

“இல்லை” என்றான் நிர்மலன். “பழைய எஞ்சின் எங்கட பக்கமும் இருக்கு.”

கையெழுத்திட்டான். போகும்போதும் அவளிடம் விடைபெறவில்லை.

உடன்படிக்கை தை மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. பூங்கோதை வேலையை விட்டாள். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தபோது யாரும் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

அடுத்த வாரம் தங்கச்சிமடத்துக்குப் போனாள். காலை பத்து மணி இருக்கும். படகுகள் கரையில் ஏறியிருந்தன. ஐஸ் உடைக்கும் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தான் யார் என்று அவள் மறைக்கவில்லை. சொன்னதும் அவர்கள் முகம் மாறியது. லிகோரி என்ற ஆள் எழுந்து வந்தான். ஐம்பது வயதிருக்கும். தம்பி எதிர்க்கரைச் சிறையில் இருந்தான்.

“எங்களைக் காட்டிக்குடுக்குற மிசினு செஞ்சது நீங்கதான?” என்றான்.

“ஆமா.”

“அப்புறம் இங்க என்ன சோலி?”

அவள் சொன்னாள். அபாயம் என்றால் அழைக்க அரசு கொடுத்த கருவியைப் படகில் எடுத்துப் போகமாட்டார்கள், அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். படகு கவிழ்ந்தால் கீழே இருக்கும் மெசினுக்குக் கேட்கட்டும் என்று தட்டுவார்கள் என்பதும் தெரியும். இனி அது கேட்காது. கேட்கக்கூடாது என்று இரண்டு அரசும் சேர்ந்து முடிவு செய்துவிட்டன. மெசின் எஞ்சினை மட்டும்தான் கேட்கும்.

“அதனால எஞ்சின் மாதிரித் தட்டணும்” என்றாள்.

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு வள்ளத்தின் அடியில் தட்டிக் காட்டினாள். ஒரே சீராக, நிற்காமல். ஒருவர் கை ஓய்ந்தால் அந்தத் தாளத்திலேயே அடுத்தவர் தொடர வேண்டும், நடுவில் இடைவெளி விழக்கூடாது. ஒரு நிமிடம் போதும். பதிவில்லாத எஞ்சின் என்று மெசின் சொல்லும், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில். நாற்பது நிமிடத்துக்குள் ரோந்துப் படகு வந்தாக வேண்டும். எதிராளி முந்திவிடுவான் என்ற பயத்தில் கட்டாயம் வருவார்கள்.

“வந்து?” என்றான் லிகோரி.

“பிடிச்சுக்கிட்டுப் போவாங்க.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். லிகோரி சிரிக்கவில்லை. ஜெயிலுக்குப் போக வழி சொல்லிக் கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறீர்கள், கிளம்புங்கள் என்றான். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள். மறுபடி அடுத்த மாதம் போனாள். பிறகு பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் போனாள். ஓர் ஊரில் அவளை அரசாங்கத்தின் ஆள் என்று துரத்தினார்கள். ஒரு ஊரில் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள், தங்கள் கையால் பாத்திரத்தில் தட்டிப் பழகினார்கள். எதிர்க்கரையில் நிர்மலன் என்ன செய்கிறான் என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவனுக்குத்தான் ஆபத்து.

மறு வருடம் ஆடி மாதம், காற்று வேகமாக இருந்த ஒரு நாள் மத்தியானம், அவளுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத எண். வியாகுலம் என்று ஒரு பெண். லிகோரியின் மனைவி.

“மேடம், எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டாங்களாம்” என்றாள். மூச்சு வாங்கியது. “முந்தாநேத்து கடலுக்குப் போன போட்டு. நேத்து பூராச் சேதி இல்லை. செத்துட்டாங்கன்னு நினைச்சு மாதா கோயில்ல கெடந்தோம். இப்ப எதிர்க்கரையிலேர்ந்து தகவல் வந்திருக்கு. நாலு பேரையும் மன்னாருல அடைச்சு வச்சிருக்காங்களாம்.”

“நாலு பேரும் இருக்காங்களா?”

“நாலு பேரும்தான். ஒருத்தருக்குக் கால் ஒடிஞ்சிருக்காம்.” அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு பேசினாள். “ஆனா ஒரு குழப்பம் மேடம். பதிவில்லாத எஞ்சினைச் சதுரத்துக்குள்ள ஓட்டுனாங்கன்னு கேஸாம். ரெண்டு வருஷம் போடுவாங்களாம். அங்க உள்ள வக்கீல் கேக்குறாரு, படகு கவுந்து எஞ்சின் கடலுக்குள்ள போயி ஒரு நாளாச்சே, எஞ்சினே இல்லாம எப்படிய்யா ஓட்டுனீங்கன்னு. கோர்ட்டுல அதைச் சொன்னா உடனே விட்டுருவாங்களாம். எங்க வீட்டுக்காரரு உங்களைக் கேக்கச் சொன்னாரு. என்ன சொல்லட்டும் மேடம்?”

தட்டியதுதான் என்று கோர்ட்டில் தெரிந்தால் அடுத்த மாதமே நிரலை மாற்றிவிடுவார்கள் என்று பூங்கோதைக்குத் தெரியும். எதிர்முனையில் வியாகுலத்தைச் சுற்றிப் பெண்களின் குரல்கள் கேட்டன. நாலு வீட்டுக்காரர்களும் கூடி நிற்கிறார்கள் போலிருந்தது.

“எஞ்சின் ஓடுச்சுன்னு ஒத்துக்கச் சொல்லுங்க” என்றாள்.